ஓயாத முன்னங்கை

மூணு வருசமா புருசனைத் தேடிக்கிட்டு இருந்த பஞ்சவர்ணம் எங்க டிபார்ட்மென்ட் படி ஏறுறதுக்குச் சரியா முப்பத்தெட்டு நாளைக்கு முன்னாடி, ஒரு திங்கக்கிழமை காலையில, அஞ்சாம் நம்பர் மேசை மேல கெடந்த முன்னங்கை தன்னால வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. முன்னங்கைன்னா முழங்கையில இருந்து விரல் நுனி வரைக்கும், அம்புட்டுதான். அதுக்கு மேல ஆள் கிடையாது. நான் அப்பத் தரை துடைச்சுக்கிட்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். சரிதான், இதுக்கும் நாமதான் பதில் சொல்லணும் போலன்னு நெனச்சுக்கிட்டு மிச்சத் தரையையும் துடைச்சு முடிச்சேன்.

என் பேரு பாக்கியநாதன். மெடிக்கல் காலேஜுல, பிணத்தை அறுத்துப் பாடம் படிக்கிற டிபார்ட்மென்ட்டுல அட்டெண்டர். இருபத்தாறு வருசமாச்சு. எங்ககிட்ட வர்றவங்க ரெண்டு விதம். உயிரோட இருக்கும்போதே உடம்பைத் தர்றேன்னு எழுதிக் கொடுத்துட்டு, மாலையோடவும் அழுகையோடவும் வர்றவங்க ஒரு விதம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயோ பிளாட்பாரத்துலயோ கெடந்து, போலீஸ் எடுத்து, பேப்பர்ல போட்டும் யாரும் தேடி வராம, ஒரு நம்பரோட வர்றவங்க இன்னொரு விதம். ரெண்டு பேரையும் நான் ஒரே மாதிரிதான் குளிப்பாட்டுவேன், சவரம் பண்ணுவேன், மருந்து ஏத்தித் தொட்டியில எறக்குவேன். மேசைக்கு முறை வர்ற வரைக்கும் ரெண்டு மூணு வருசம்கூடத் தொட்டியிலயே கெடப்பாங்க. முதல் வருசப் பிள்ளைங்க அறுத்துப் படிச்சு முடிச்சதும், வருசக் கடைசியில மிச்சத்தையெல்லாம் எரிச்சிருவோம். பேரு உள்ளவங்க சாம்பல் வீட்டுக்குப் போகும். பேரு இல்லாதவங்க சாம்பலை என்ன செய்யுறதுன்னு எந்த உத்தரவுலயும் எழுதல. அஞ்சாம் மேசை பேரு இல்லாத ஆளு. எரிக்கிறதுக்கு இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருந்துச்சு.

அந்தக் கை என்ன செஞ்சுச்சுன்னு சொல்லிர்றேன். விரல் அஞ்சும் எதையோ பிடிச்ச மேனிக்கு மடங்கி இருக்கும். முழங்கை முனையைப் பலகையில ஊன்றிக்கிட்டு ஒரு பக்கமா, சுவத்துப் பக்கமா, மெதுவா நகரும். போன எடத்துல மணிக்கட்டைத் தாழ்த்தி எதையோ அள்ளும், அள்ளுறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் அள்ளும். அள்ளுன காத்தைச் சிந்தாம தூக்கிக்கிட்டு வந்து, சடக்குனு ஒரு திருப்பு, ஒரு வீச்சு, ஒரு இழுப்பு, அப்புறம் ரெண்டு தட்டு. முடிஞ்சதும் மறுபடியும் சுவத்துப் பக்கம். இப்படியே காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும், சாயங்காலத்துல இருந்து காலை வரைக்கும்.

தோலைப் பிள்ளைங்க எப்பவோ உரிச்சாச்சு, அதனால உள்ள நடக்கிறது அம்புட்டும் தெரிஞ்சுச்சு. இருபத்தாறு வருசம் பாடம் கேட்டவன் சொல்றேன், விரலை மடக்குறது விரல் இல்ல. விரலுக்குள்ள சதையே கிடையாது. சதையெல்லாம் முன்னங்கையில இருக்கு. அங்க இருந்து வெள்ளை நாடாவா கெளம்பி, மணிக்கட்டுல ஒரு பட்டைக்கு அடியில நுழைஞ்சு, ஒவ்வொரு விரலுக்கும் ஒவ்வொண்ணாப் போய் நுனியைப் பிடிச்சுக்கும். மேல இருந்து இழுக்கிறவன் ஒருத்தன், கீழ ஆடுறவன் ஒருத்தன், பேரு மட்டும் விரலுக்கு. உள்ள ரெண்டு எலும்பு. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு வீட்டுக்கு மூத்தவன் மாதிரி அசையாம கெடக்கும். கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் அது மேல குறுக்கால புரளும், புரண்டா உள்ளங்கை கவிழும், திரும்பி வந்தா உள்ளங்கை மலரும். அந்த எலும்பு ஒரு நாளைக்கு எத்தனை தடவை புரண்டுச்சுன்னு எண்ணப் பார்த்தேன், மத்தியானத்துக்குள்ள எனக்கே தோள்பட்டை கடுத்துப் போச்சு.

நரம்பு மூணு. ஒண்ணு நடுவால போகும், ஒண்ணு முழங்கைக்குப் பின்னால வளைஞ்சு வரும், கதவுல இடிச்சா சுர்ருன்னு ஷாக் அடிக்குமே அது, இன்னொண்ணு புறங்கைப் பக்கம். மூணையும் பிள்ளைங்க போன மாசமே அறுத்து, பச்சை, மஞ்சள், சிவப்புன்னு நூல் கட்டி வச்சிருந்துச்சுங்க. நூலோடதான் கை வேலை செஞ்சுச்சு.

எங்க துறைத் தலைவர் மங்கையர்க்கரசி மேடம் வந்தாங்க, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டாங்க, ரெண்டு நிமிசம் குனிஞ்சு பார்த்தாங்க.

"பாக்கியநாதன், இதை நகர்த்தாதீங்க. பத்து மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு."

"மேடம், நரம்பு மூணும் அறுந்து கெடக்கு. எப்படி மேடம் ஆடுது?"

"எப்படின்னு கேக்குறது அடுத்த டிபார்ட்மென்ட் வேலை. எது எங்க இருக்குன்னு சொல்றதுதான் நம்ம வேலை."

பத்து மணிக்குக் குச்சியை வச்சுத் தொட்டுத் தொட்டுப் பாடம் எடுத்தாங்க. இதோ பாருங்க, இது சுருங்குது, இது நீளுது, இப்பக் கட்டைவிரல் எலும்பு புரளுதுன்னு. அன்னைக்கு ஒரு பிள்ளைகூட தூங்கல. அடுத்த வாரம் வேற ஊரு காலேஜுல இருந்தெல்லாம் பஸ் பிடிச்சு வந்துச்சுங்க. யூனிவர்சிட்டிக்காரங்க, சம்பவம் பற்றி அறிக்கை தரவும்னு கடுதாசி போட்டாங்க. மேடம் ஒரே வரியில, 'பாடம் நடக்கிறது'ன்னு எழுதி அனுப்பிட்டாங்க.

ரெண்டாம் நாளு பதினோரு மணிக்கு, டீ கொண்டு வர்ற உமர் வழக்கம்போல வராண்டாவுல இருந்து "டீ... டீ..."ன்னு கூவுனாரு. கை நின்னுச்சு. பிடிச்சிருந்ததைக் கீழ வச்ச மாதிரி விரல் விரிஞ்சு, அப்புறம் ஒரு கிளாஸ் அளவுக்கு வளைஞ்சு அப்படியே இருந்துச்சு. பத்து நிமிசம். அப்புறம் மறுபடியும் வேலை. சாயங்காலம் நாலு மணிக்கும் அதே கதைதான். அன்னையில இருந்து உமர் அஞ்சாம் மேசைக்கும் ஒரு கிளாஸ் வச்சுட்டுப் போவாரு. ஆறுனதும் அதை நான் குடிப்பேன்.

ஆனா டீக்கு நிக்கத் தெரிஞ்ச கைக்கு வேலையை முடிக்கத் தெரியல. அஞ்சு மணிக்கு நான் பூட்டிட்டுப் போவேன், காலையில வந்து தெறந்தா அதே வீச்சு, அதே ரெண்டு தட்டு, முழங்கை முனை தேய்ச்சுத் தேய்ச்சுப் பலகையில குழியே விழுந்துருச்சு. நான் சொல்லிப் பார்த்தேன். "போதும்ப்பா." நிக்கல. "வீட்டுக்குப் போப்பா." நிக்கல. மேடம்கூட ஒரு நாள், யாரும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டு, "ரொம்ப நன்றி, முடிஞ்சது"ன்னு மெதுவா சொன்னாங்க. ம்ஹும். உள்ளதைச் சொல்றேன், அதைப் பார்த்துப் பார்த்து நான் ஓய்ஞ்சு போயிட்டேன். செத்தா ரெஸ்ட்டுன்னுதானே நாமெல்லாம் நம்பிக்கிட்டு இருக்கோம்.

உமர் வாய் சும்மா இருக்குமா. ஊரு பூராவும் பரவிருச்சு. மேடம் வேற வழியில்லாம, பொதுமக்கள் சனிக்கிழமை ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் பார்க்கலாம், செருப்பு வெளியிலன்னு போர்டு எழுதி மாட்டச் சொன்னாங்க. வெளிச்சம் ஜன்னல் பக்கம். சுவத்துப் பக்கம் பீரோவும் மேசையும் ஒட்டி, ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கிற எடந்தான். அதனால வந்த கூட்டமெல்லாம் ஜன்னல் பக்கந்தான் நின்னு பார்த்துச்சு.

மொதல்ல வந்தது பஸ் ஸ்டாண்டு புரோட்டா மாஸ்டர். பார்த்த ஒடனே, "இது எங்க ஆளுண்ணே, மாவு வீசுற கை, சந்தேகமே வேணாம்"னு அடிச்சுச் சொன்னாரு. பின்னாடி நின்ன டெய்லர், "சும்மா இருங்க, அது துணியை ஊசிக்குத் தள்ளுற கை, கடைசியில தட்டுதே அது மடிப்பை அமுக்குறது"ன்னாரு. தோசைக்கல்லுல மாவு இழுக்கிற கைன்னு ஒருத்தர், இஸ்திரி போடுற கைன்னு ஒருத்தர், கல்யாண மண்டபத்துல அண்டா தேய்க்கிற ரெண்டு அம்மாக்கள் அவங்க கையையே பார்த்துக்கிட்டு நின்னாங்க, தபாலாபீஸ்ல முத்திரை குத்திக் குத்தி ரிட்டயர்டு ஆன ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. ஆளாளுக்கு அது அவங்கவங்க கைதான். புரோட்டா மாஸ்டரும் டெய்லரும் கைகலப்புக்கே போயிட்டாங்க. மேடம் ரெண்டு பேரையும் பெஞ்சுல உக்கார வச்சு, சட்டைக் கையை மடக்கச் சொல்லி, முன்னங்கையில அமுக்கிக்கிட்டே வந்தாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துல 'அம்மா'ன்னு கத்துனாங்க. அதுக்கப்புறம் சண்டை போடல. உமர் கொடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டு, எத்தனை வருசமா வலிக்குது, என்ன தைலம் தேய்க்கிறீங்கன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க.

கொஞ்ச நாள்ல ஊரே எங்க பாஷையைப் பேச ஆரம்பிச்சுருச்சு. மருந்துக் கடையில போய், சும்மா கை வலின்னு கேக்குறது கொறைஞ்சு போச்சு. நடு நரம்பு மரத்துப் போச்சு, சுண்டுவிரல் நரம்பு இழுக்குதுன்னு கேட்டாங்க. மாப்பிள்ளை பார்க்கப் போன எடத்துல பையன் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துக் காட்டச் சொல்லி, மணிக்கட்டுல நாடா எழும்புதான்னு ஒரு மாமனாரு பார்த்தாராம். அது சில பேருக்கு எழும்பாது, பொறக்கும்போதே இருக்காது, அதனால ஒரு கொறையும் இல்லைன்னு மேடம் போர்டுல இன்னொரு வரி எழுதச் சொன்னாங்க.

தொழில்காரங்க கூட்டம் வடிஞ்சதும் இன்னொரு கூட்டம் வர ஆரம்பிச்சுச்சு. எல்லாம் பொம்பளைங்க. கையில போட்டோ. வீட்டை விட்டுப் போனவரு, கேரளாவுக்கு வேலைக்குப் போனவரு, சண்டை போட்டுட்டுப் போனவரு, சிகரெட் வாங்கப் போனவரு, போனவரு போனவருன்னு ஒவ்வொருத்தியும் ஒரு போட்டோவைப் பிடிச்சுக்கிட்டு வரிசையில நின்னு, மேசைக்கிட்ட வந்ததும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்து, "இல்லண்ணே, அவருக்கு விரல் இம்புட்டு நீளம் கிடையாது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போவாளுக. போற மொகத்துல நிம்மதியா ஏமாத்தமான்னு எனக்குப் பிடிபட்டதே இல்ல. அவளுகளுக்கே பிடிபட்டிருக்காது.

முப்பத்தெட்டு நாள் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை. காலையில ஒம்பதரை மணி. சேலை மேல ஆம்பளைச் சட்டை போட்டுக்கிட்டு, தலையில துண்டு கட்டின தடம் நெத்தியில அப்படியே இருக்க, ஒரு அம்மா வாசல்ல வந்து நின்னா. நாப்பது வயசு இருக்கும்.

"சனிக்கிழமைதாம்மா பார்க்க விடுவாங்க. போர்டு பார்க்கலையா?"

"சனிக்கிழமை காங்கிரீட்டுண்ணே. வரலைன்னா அடுத்த வாரம் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. மூணு பஸ் மாறி வந்திருக்கேன்."

அவதான் பஞ்சவர்ணம். பக்கத்து ஜில்லா. கட்டட வேலையில சித்தாளு. புருசன் வெள்ளைச்சாமி கொத்தனாரு. எட்டு நாள் வேலை இருக்குன்னு மஞ்சப்பையில ஒரு சட்டையோட எங்க ஊருப் பக்கம் கெளம்பிப் போனவரு, மூணு வருசமாச்சு, போனு கூட வீட்டுலதான் கெடந்துச்சாம். அவ ஊரு ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தா, எங்க ஊரு ஸ்டேஷன்ல பேரில்லாம எழுதி வச்சாங்க, ரெண்டு காகிதமும் ஒண்ணையொண்ணு பார்க்கவே இல்ல. இது அப்புறமாத் தெரிஞ்சது.

"எந்தம்பியே சொல்றாண்ணே, வேற எவளோடயோ இருப்பாரு, உன்னைக் கை கழுவிட்டாரு, இன்னும் என்னத்தைத் தேடுறேன்னு. செத்தாருன்னா தாலி போகும். இருந்தாருன்னா மானம் போகும். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுட்டாக்கூட ஒரு வாய் சோறு எறங்கும்."

இதுக்கு மேல எப்படிங்க போர்டைக் காட்டுறது. உள்ள வாம்மான்னேன்.

எல்லாரும் ஜன்னல் பக்கம் நிப்பாங்கன்னு சொன்னேன்ல. இவ வாசல்ல இருந்தே கையைப் பார்த்துட்டா. பார்த்ததும் நடை நின்னுச்சு, அப்புறம் என்னையும் தாண்டி, பீரோவுக்கும் மேசைக்கும் நடுவுல, ஒருக்களிச்சு, சுவத்துப் பக்கம் போய் நின்னா. கை அவ பக்கமா நகர்ந்து வந்து, அவ வயித்துக்கு முன்னால வெறும் காத்தை அள்ளிக்கிட்டுப் போச்சு.

"இது எடது கைண்ணே."

"இல்லம்மா, வலது. கையில கட்டியிருக்கிற சீட்டுல போட்டிருக்கு பாரு."

"கட்டைவிரலைப் பாருங்கண்ணே."

பார்த்தேன். உள்ளங்கை கவிழ்ந்து கெடக்கு, கட்டைவிரல் வலது பக்கம் இருக்கு. என் ரெண்டு கையையும் பக்கத்துல வச்சுப் பார்த்தேன். அடச்சே. எடது கை. சீட்டுல வலதுன்னு எழுதியிருந்தது என் எழுத்து. ரெண்டு கையையும் தனியா எடுத்த அன்னைக்கு நான்தான் சீட்டை மாத்திக் கட்டியிருக்கேன். மேடத்தைக் கூட்டிக்கிட்டு வந்தேன். எலும்பைக் கையில கொடுத்தா மொதக் கேள்வியே 'எந்தப் பக்கம்'னு கேக்குற டிபார்ட்மென்ட் இது. மேடம் சீட்டைப் பார்த்தாங்க, கையைப் பார்த்தாங்க, ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

"பக்கம் சொல்லத் தெரியலைன்னு இந்த வருசம் மட்டும் பதினோரு பேரை ஃபெயில் போட்டிருக்கேன், பாக்கியநாதன். நானும் சீட்டைத்தான் படிச்சிருக்கேன்."

பஞ்சவர்ணம் இதையெல்லாம் கேக்கல. பக்கத்துல கத்தி வைக்கிற எவர்சில்வர் தட்டு இருந்துச்சு. அதைக் காலி பண்ணி, இடுப்புயரத்துக்கு ஏந்தி, கை வந்து அள்ளுற எடத்துல பிடிச்சா. கை வந்துச்சு. முப்பத்தெட்டு நாளா காத்தை அள்ளுன விரல் தட்டுல பட்டு, 'டங்'குனு ஒரு சத்தம். கை ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் அள்ளி எடுத்து, திருப்பி, வீசி, இழுத்து, ரெண்டு தட்டு தட்டுச்சு. அதுக்கப்புறம் வேகமே மாறிப் போச்சு. தேடுற வேகம் போய், தெரிஞ்ச வேகம் வந்துருச்சு.

"கலவையை அள்ளிச் செங்கல்லுக்கு வீசுறாருண்ணே. கரண்டிக் காம்பால ரெண்டு தட்டு. எங்காளுதாண்ணே இது."

அவளே சொன்னா. கொத்தனாருங்க எல்லாம் வலது கையில கரண்டி பிடிப்பாங்க, சித்தாளு கலவைச் சட்டியோட வலது பக்கம் நிப்பா, அதுதான் பழக்கம். வெள்ளைச்சாமிக்குக் கரண்டி எடது கையில. எடம் மாறி நிக்கணும், சாரத்துல இடிச்சுக்குவாங்க, அதனால எந்தச் சித்தாளும் அவருகூட வேலைக்கு நிக்க மாட்டா. "நான்தான் நின்னேன். ரெண்டு மாசம் நின்னேன். பெறகு என்னையே கட்டிக்கிட்டாரு." சொல்லும்போது சிரிச்சா, சிரிச்சுக்கிட்டே கண்ணுல தண்ணி வந்துச்சு, தட்டை மட்டும் கீழ எறக்கல.

எனக்கு நெஞ்சுல ஒண்ணு உறுத்திச்சு, சொல்லாம இருக்க முடியல. "அவரு வந்த அன்னைக்கு நான்தாம்மா குளிப்பாட்டுனேன். நகத்துக்குள்ள சாம்பல் நெறத்துல என்னமோ கெட்டியா இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சு பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டேன். கொஞ்சம் யோசிச்சிருந்தா சிமெண்ட்டுன்னு தெரிஞ்சிருக்கும். அன்னைக்கே கொத்தனாருன்னு போலீஸுக்குச் சொல்லியிருக்கலாம். எனக்கு அன்னைக்கு மூணு உடம்பு, அசதி, யோசிக்கல. என்னை மன்னிச்சிரு தாயி."

"அது லேசுல போகாதேண்ணே. எலுமிச்சம்பழத் தோலை வச்சுத் தேய்க்கணும்"னா. கோவிச்சுக்கிட்டிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்னு இருந்துச்சு.

மேடம்தான் கேட்டாங்க. "ஏம்மா, இவரு ஏன் நிறுத்தவே மாட்டேங்குறாரு? டீக்கு நிக்கிறாரு. வேலை முடிஞ்சதுன்னு சொன்னா நிக்க மாட்டேங்குறாரு."

"என்னன்னு சொன்னீங்க?"

போதும்னு, நிறுத்துன்னு, வீட்டுக்குப் போன்னு, நன்றின்னு சொன்னதையெல்லாம் சொன்னோம். அவ தலையை ஆட்டுனா. "அப்படிச் சொன்னாத் தெரியாதும்மா. சாயங்காலம் எங்க மேஸ்திரி வந்து கை கழுவுங்கன்னு கொரல் கொடுப்பாரு. அதுதான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுவும் இவருக்கு வெறும் கொரல் பத்தாது. சித்தாளு சொம்புல தண்ணி கொண்டாந்து கையில ஊத்தணும். ஊத்துற வரைக்கும் கரண்டியை வைக்க மாட்டாரு."

சொல்லி முடிச்சதும் அவளுக்கே அந்த வார்த்தை போய்த் தைச்சுருச்சு.

"ஊரே சொல்லுச்சே, கை கழுவிட்டாரு, கை கழுவிட்டாருன்னு. நானும் நம்பினேனே பாவி. இந்த மனுசன் மூணு வருசமா கழுவவே இல்லையேண்ணே."

அவ ஓன்னு அழுதா. மேடம் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாங்க. கை மட்டும் தன் பாட்டுக்கு வேலை செஞ்சுச்சு. ஒரு பிளாஸ்டிக் மக்குல தண்ணி பிடிச்சுக் கொண்டாந்து கொடுத்தேன். அவ வாங்கல.

"நான் ஊத்துனா நிறுத்திருவாரு."

"ஆமாம்மா."

"நிறுத்திட்டா அப்புறம் எனக்குத் தேடுறதுக்கு ஆள் இல்லண்ணே. இத்தனை நாளும் அவரு என்னைக் கை கழுவிட்டாருன்னாங்க. இப்ப நான்ல அவரைக் கை கழுவுறேன்."

மேடம் திரும்பல. திரும்பாமலே சொன்னாங்க: "இன்னும் ஏழு நாள்ல எரிக்கணும்மா. உங்க வீட்டுக்காரருன்னு நான் எழுதித் தர்றேன், சாம்பல் உங்க வீட்டுக்கு வரும். ஆனா வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிற கையை நான் எப்படிம்மா எரிப்பேன்?"

பஞ்சவர்ணம் முந்தானையால மொகத்தைத் துடைச்சுக்கிட்டு, "இந்த வரிசை முடியட்டும்"னா. அரைச் செவுத்துல ஒரு கொத்தனாரையும் நிறுத்தக் கூடாதாம், எடுத்த வரிசையை முடிச்சுட்டுத்தான் நிப்பாங்களாம். அவ எண்ண ஆரம்பிச்சா. ஒரு வீச்சுக்கு ஒரு செங்கல், ரெண்டு தட்டு, அடுத்த செங்கல். அவ தட்டைப் பிடிச்சு நின்னா, அவரு கட்டிக்கிட்டே வந்தாரு, அந்த அறையில இல்லாத செவுரு ஒண்ணு எங்க கண்ணுக்கு முன்னாடி ஒரு வரிசை நீண்டுச்சு. பதினோரு மணிக்கு உமர் "டீ..."ன்னு கூவுனாரு, கை நின்னு விரலை வளைச்சுச்சு, அன்னைக்கு அஞ்சாம் மேசை டீயை நான் குடிக்கல, பஞ்சவர்ணம் குடிச்சா. தரையில உக்காந்து, மேசைக் காலுல முதுகைச் சாச்சு, ஊதி ஊதிக் குடிச்சா. கிளாஸை வச்சுட்டு எந்திரிச்சுத் தட்டை எடுத்தா.

பன்னெண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, "வரிசை முடிஞ்சுருச்சு"ன்னா. தட்டைக் கீழ வச்சா. மக்கை எடுத்தா. கொரலைக் கொஞ்சம் ஒசத்தி, பழகுன கொரல்ல, "கை கழுவுங்க"ன்னா.

கை அப்படியே நின்னுச்சு, ஆனா விரல் விரியல. அவ தண்ணியை ஊத்துனா. விரல் ஒவ்வொண்ணா விட்டுச்சு. ஒத்தக் கை தன்னைத் தானே எப்படிக் கழுவும், அதனால அவளே கழுவி விட்டா. தோல் இல்லாத சதை மேலயும், நாடா நாடாவுக்கு நடுவுலயும், பிள்ளைங்க கட்டின பச்சை மஞ்சள் சிவப்பு நூலை அவுக்காமலும், நகத்துக்குள்ள கட்டைவிரலை விட்டும் கழுவுனா. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மெதுவா புரண்டு தன் எடத்துக்குத் திரும்பி வந்துச்சு, உள்ளங்கை மேல பார்த்து மலர்ந்துச்சு, அதுக்கப்புறம் அசையல.

மேடம் பேனாவைக் கொடுத்தாங்க. நான் பழைய சீட்டை அவுத்துட்டு, 'வெள்ளைச்சாமி, கொத்தனார், இடது'ன்னு எழுதிக் கட்டினேன்.

தண்ணி இன்னும் அரை மக்கு இருந்துச்சு. பஞ்சவர்ணம் மக்கை என் கையில கொடுத்துட்டு, சட்டைக் கையை ரெண்டு பக்கமும் முழங்கைக்கு மேல சுருட்டிவிட்டா. ரெண்டு கையையும் சேர்த்து எனக்கு முன்னால நீட்டினா.

"எனக்கும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே."

ஊத்துனேன். அவ அவசரமே படாம, முழங்கை வரைக்கும் கழுவுனா.